எட்டாவது படி

அளக்க வந்திருக்கிற அம்மா மத்தியானச் சாப்பாட்டை வெளியிலிருந்து வரவழைத்துக்கொண்டாள், அது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. இல்லத்தில் இன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார், அப்பளம்கூட உண்டு, சாதாரணமாக வியாழக்கிழமையில் இங்கே அப்பளம் கிடையாது, அவள் வந்திருக்கிற மூன்று நாளும் அப்பளம் இருக்கிறது, அது அவளுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்துதான் சாப்பிடவில்லையோ, எங்கள் சோற்றைத் தின்றால் எங்களைப் பற்றி எழுதக் கை வராது என்று நினைக்கிறாளோ. பார்சல்காரர் வண்டியை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார், நான்தான் வாங்கிப்போய்க் கொடுத்தேன், கொடுக்கும்போது என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கையில் என்ன இருக்கிறது. தறியில் போன பாதிச் சுண்டுவிரல், வேறொன்றும் இல்லை, அதையும் எங்காவது குறித்துக்கொண்டிருப்பாள். ராத்திரி வேலைக்காரன் பகலில் தூங்கவேண்டும், பத்து மணிக்கே படுத்திருக்கவேண்டியவன், இப்போது மணி ஒன்றே முக்கால், ஆபீஸ் ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் இருக்கிறது, கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஒன்பது என்று போட்டிருக்கிறது. எட்டாம் சீட்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாச்சிமுத்துவிடம், அவனும் இல்லத்து ஆள்தான். எனக்கு எட்டு வரவில்லை என்று ஒரு நிம்மதி, அடுத்த மூச்சிலேயே ஒரு சந்தேகம், யார் இந்தச் சீட்டுகளைப் பிரித்தது, இங்கே வேலை பார்க்கிற ஜெனிட்டாவா, அந்த அம்மாவா, வேண்டுமென்றே எட்டுக்கு அடுத்ததாக என்னை வைத்தார்களா, எட்டைப் பற்றி யாருக்கு என்ன தெரியும். கதவு சாத்தியிருக்கிறது. இங்கே வந்த ஐந்து வருஷத்தில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை, கீலில் துரு, நேற்று யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

மறுகரை இல்லம் என்பது ஒரு பழைய மஞ்சள் குடோன். ஈரோட்டில் மழை வந்தால் இன்னமும் சுவரிலிருந்து மஞ்சள் வாசம் வரும், வராத நாளிலும் எனக்கு வரும். ரோட்டில் கிடக்கிற ஆம்பளைகளைக் கொண்டுவந்து குளிக்கவைத்து, மருந்து கொடுத்து, கொஞ்சம் மனுஷனாக்கி, வீடு இருந்தால் வீட்டில் சேர்ப்பது, இல்லாவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வது, இதுதான் வேலை. இப்போது நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். நானும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்படி வந்தவன்தான், ஒரு வருஷம் கழித்து கேட்டில் ராத்திரி வேலை கொடுத்தார்கள், பேர் செங்கோடன், எல்லாருக்கும் நைட் அண்ணன். மெட்ராஸில் ஒரு டிரஸ்ட் இதற்கெல்லாம் பணம் கொடுக்கிறது. அந்த டிரஸ்டுக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, இந்த இல்லத்தால் யாருக்காவது நல்லது நடந்திருக்கிறதா என்று. அதை அளந்து சொல்ல வசுமதி என்கிற இந்த அம்மாவை அனுப்பியிருக்கிறார்கள். நடக்கவில்லை என்று அவள் எழுதினால் பங்குனியோடு கதவை மூடவேண்டியதுதான், நாற்பத்து மூன்று பேரும் மறுபடி ரோட்டுக்கு, இதை டைரக்டர் குழந்தைவேல் சார் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், நான் அங்கே இருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் அப்படிச் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார்.

காலையில் ஜெனிட்டா என்னிடம் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சொன்னது ஒரே வரி. அவள் கேஸ் பார்க்கிற பெண், திண்டுக்கல் பக்கம், முப்பது வயசு இருக்கும், வந்தவர்களின் காலில் இருக்கிற புழுவைத் தன் கையாலேயே எடுப்பாள், மூக்கைச் சுளிக்கமாட்டாள். சொன்னாள்: “அண்ணே, உள்ள போய் உண்மையைச் சொன்னாப் போதும்.” போதும் என்றால் என்ன. எதற்குப் போதும். நான் இத்தனை நாள் சொன்னது உண்மையில்லை என்று தெரிந்தவள்தானே அப்படிச் சொல்வாள். இல்லை, எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னாளா, நாச்சிமுத்துவிடம் கேட்டேன், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே, பல்லைக் கழுவிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள் என்கிறான். அப்படியானால் எனக்கு மட்டும்தான் உண்மை. அவனுக்குப் பல். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட் மேஜையில் அந்தத் தாள் கிடந்ததே, அதுவும் தானாகவா வந்து கிடந்தது. ஒரு கோடு போட்ட படம், கீழே இரண்டு பத்தி தமிழ். எனக்கு எட்டாம் வகுப்புகூட முழுசாக இல்லை, ஆனால் தறி ஓடுகிற சத்தத்திலேயே எழுத்துக்கூட்டிப் படித்தவன், பொட்டணம் கட்டி வருகிற தாளைக்கூடப் படிக்காமல் கசக்கமாட்டேன், இது ஜெனிட்டாவுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். படிக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாளா. மறந்து வைத்தாளா. அவள் பேனாவைக்கூட மறப்பவள் இல்லை. அந்தப் படத்தில் கோடு மேலே எட்டில் தொடங்கி, கீழே இறங்கி இறங்கி ஐந்தில் வந்து நின்றது. கீழே எழுதியிருந்தது எனக்கு இப்போதும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது, இல்லத்தில் சேரும்போது வாழ்க்கை ஏணியில் சராசரியாக எட்டாம் படியில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு ஐந்தாம் படியில் இருக்கிறார்கள். அதாவது மறுகரைக்கு வந்தால் மனுஷன் மூன்று படி கீழே போகிறான். ரோட்டில், சாக்கடை ஓரத்தில், நாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் நன்றாக இருந்தானாம், கட்டிலும் சோறும் மருந்தும் கொடுத்ததால் கெட்டுப்போனானாம். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தேன். குழந்தைவேல் சார் அன்றைக்கு ஜெனிட்டாவைக் கூப்பிட்டு, என்னம்மா இது, நல்லா இருக்கிறவனப் புடிச்சு வந்து நாமதான் கெடுக்கறமா என்று கேட்டார், அவள் வெளியே வந்து தண்ணி டிரம் பக்கத்தில் முகம் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள்.

“ஏப்பா செங்கோடா,” என்கிறான் நாச்சிமுத்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வாயில் உப்பு வாசம், பல்லை நிஜமாகவே கழுவியிருக்கிறான். “இன்னைக்கு எந்தப் படில நிக்கோணும்? பழைய எடமா, புது எடமா? நீதான கண்டக்டரு, எறங்கற எடத்தச் சொல்லு.” உன் இஷ்டம் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அன்னைக்கு எட்டுன்னு சொன்னவன் இன்னைக்கு இஷ்டம்ங்கற. இதுல என்னமோ இருக்குது.” அவனுக்கும் தொற்றிவிட்டது. என்னிடமிருந்து சொறி சிரங்கு தொற்றவில்லை, இதுதான் தொற்றியிருக்கிறது, இந்தக் கட்டடத்தில் எத்தனை பேருக்குத் தொற்றவைத்தேன். ஏணிப்படம் என்று ஒரு அட்டை. இல்லத்துக்கு ஒரு ஆள் வந்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெனிட்டா அதை அவன் முன்னால் வைப்பாள், பத்துப் படி உள்ள ஏணி, உச்சியில் ஒரு சூரியன், கீழே முகம் வரையாத ஒரு ஆள், உங்க வாழ்க்கை ரொம்ப நல்லா இருந்தா பத்தாம் படி, ரொம்ப மோசம்னா ஒண்ணாம் படி, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு விரல வெச்சுக் காட்டுங்க என்பாள். ஆறு மாதம் கழித்து மறுபடி. ஒரு வருஷம் கழித்து மறுபடி. அந்த அட்டையில் எட்டாம் படி மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். விரல் பட்டுப் பட்டு. பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே தேய்ந்திருக்கிறது. அதை நான் போன வருஷமே பார்த்தேன், அளக்கிறவர்கள் யாரும் பார்க்கவில்லை, அவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்க்கிறார்கள், விரலைப் பார்த்ததும் தாளைப் பார்க்கிறார்கள்.

ஆட்கள் வருவது பெரும்பாலும் ராத்திரியில். ஜீப்பில், ஆட்டோவில், சில சமயம் ஆம்புலன்சில். கேட்டைத் திறப்பவன் நான், முதலில் பார்ப்பவன் நான், விடிந்ததும் ஐந்தரைக்கு முதல் டீயைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். அந்த டீயோடு சேர்த்துத்தான் சொல்வேன். பத்து மணிக்கு ஒரு பொண்ணு வந்து ஏணி காட்டும், எட்டக் காட்டு, அதுக்குக் கீழ காட்டாத, காட்டினா வண்டில ஏத்தி வேற எங்கியாச்சும் அனுப்பிருவாங்க. அவ்வளவுதான். இருபது வார்த்தை இருக்குமா. ஒரு ஆள்கூட ஏன் என்று கேட்கவில்லை, ரோட்டில் இருந்தவனுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது, வண்டி என்ற சொல்லே போதும். என்னை ஏற்றிய வண்டி வெள்ளை வண்டி. எந்த ஊர் என்று வேண்டாம், யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று தெருவைச் சுத்தம் செய்தார்கள், பிளாட்பாரத்தில் இருந்த எங்களை வரிசையில் நிறுத்தினார்கள், கையில் அட்டை வைத்துக்கொண்டு ஒருத்தன், நல்ல சட்டை, நல்ல குரல், அண்ணா உங்களுக்குக் கஷ்டமா இருக்கா என்று கேட்டான். அவ்வளவு நாளில் ஒருத்தன் கேட்கிறானே என்று நான் அழுதேன். கஷ்டமாத்தான் இருக்குதுங்க என்றேன். இல்லை என்று சொன்னவர்களை விட்டுவிட்டார்கள். ஆமாம் என்று சொன்ன பதினொரு பேரை ஏற்றினார்கள், ஒரு இடத்தில் பூட்டினார்கள், எத்தனை நாள் என்று எண்ண முடியவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம் இருந்தது, அது இரண்டு தடவை பூத்தது. அதற்குப் பிறகு அட்டையும் பேனாவுமாக எவன் வந்து நலமா என்று கேட்டாலும் எனக்கு முதுகில் எறும்பு ஊரும். ஜெனிட்டா இந்த ஏணியை என் முன்னால் வைத்தபோது ஊர்ந்தது. எட்டைக் காட்டினேன். பத்தைக் காட்டினால் பொய் என்று கண்டுபிடிப்பார்கள், எட்டு நம்பும்படியாக இருக்கும். அந்த எட்டை நான் கண்டுபிடித்தேன். இருட்டில் தடவித் தடவி ஒரு சாவித்துளையைக் கண்டுபிடிப்பதுபோல. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சாவியைக் கொடுத்தேன், ஆறு மாதம் கழித்து அவர்களுக்கு இந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்து, பயம் போய், நிஜமாக நாலோ ஐந்தோ காட்டுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். நம்பிக்கை வந்ததால் கோடு இறங்கியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது.

இந்த இரண்டு வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. தாளைப் படித்த பிறகு மூன்று பேர் வந்தார்கள், டீ மட்டும் கொடுத்தேன், சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் இரண்டு, ஒன்று, மூன்று என்று காட்டியிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை ஜெனிட்டா கேட்டைத் தாண்டும்போது நின்று, இப்ப வர்றவங்க எல்லாம் ரொம்ப மோசமா வர்றாங்கண்ணே, முன்னாடியெல்லாம் இப்படி இல்லையே என்றாள். சொல்லிவிட்டுப் போகவில்லை, நின்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். தெரியும். அவளுக்குத் தெரியும். தெரிந்தால் ஏன் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்றா, அல்லது என்னைக் காப்பாற்றுகிறாளா, அல்லது கேட்டு நான் சொல்லி, அதை அவள் போய்ச் சொன்னால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை கட்டுகிறாள் என்பார்கள், அதனால் என் வாயிலிருந்தே வரட்டும் என்றா. போதும் என்பது அதுதானா.

இதுவரை நினைத்ததெல்லாம் நினைக்கிற மாதிரி நினைத்தது. நினைக்கக்கூடாதது ஒன்று இருக்கிறது, மாத்திரை தொண்டையில் நிற்பதுபோல் நிற்கிறது, தண்ணீர் குடித்தாலும் போகாது. அந்தத் தாளின் இரண்டாம் பத்தி. ஏழாம் படிக்கு மேல் காட்டுகிறவர்களுக்கு, வீடு இருந்தால், பதினைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் இடம். டாக்டர் தனியாகப் பார்க்கவேண்டியது நாலுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும். அது எனக்குத் தெரியாது. நாலு வருஷம் தெரியாது. அருணகிரி என்று ஒரு ஆள், நாற்பது வயசு இருக்கும், நீல ஸ்வெட்டர், சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர். வந்த ராத்திரி முழுக்க கேட் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான், கட்டிலில் படுக்கவில்லை. செருப்பில்லை, என் ரப்பர் செருப்பைக் கொடுத்தேன். விடிந்ததும் டீ கொடுத்தேன். எட்டைக் காட்டு என்றேன். சரிங்கண்ணா என்றான், டீக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. காட்டினான். அவனுக்கு அண்ணன் வீடு இருந்தது பவானி பக்கம். பதினைந்தாம் நாள் கொண்டுபோய் விட்டார்கள், போகும்போது கை காட்டிவிட்டுப் போனான். அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் போன் பண்ணினார், வாய்க்கால் படியில் செருப்பு இருந்ததாம், ஆள் கிடைக்க இரண்டு நாள் ஆனதாம். ரப்பர் செருப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என்ன கேள்வி அது. ஜெனிட்டா அன்றைக்கு, எட்டுல இருந்தவர்ண்ணே, எப்படிண்ணே என்றாள், என்னைத்தான் கேட்டாள், அப்போது சந்தேகம் இல்லாமல்தான் கேட்டாள், இப்போது அந்தக் கேள்வி திரும்பி வருகிறது. நான் என்ன சொன்னேன். மனுஷ மனசு யாருக்கும்மா தெரியும் என்றேன். பெரிய ஞானி மாதிரி.

தெரியும். எனக்குத் தெரியும், எழுதியே வைத்திருக்கிறேன். கேட் ரூமில் அலமாரிக்கு மேலே நீள நோட்டு ஒன்று, இருநூறு பக்கம், நடுவில் நூல் தையல். அது இல்லத்து நோட்டு இல்லை, என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆள் மறுநாள் காலையில் என் வாட்ச்சைக் காணோம், கேட்டில் இருந்தவன்தான் எடுத்தான் என்றான். அவனிடம் வாட்ச்சே இல்லை. குழந்தைவேல் சார் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு பார்வை பார்த்தார், பார்த்தமாதிரி இருந்தது. அன்றைக்கே நோட்டு வாங்கினேன். வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு நம்பர், என்ன கொண்டுவந்தான், என்ன கொண்டுவரவில்லை, உடம்பில் எங்கே புண், என்ன பேசினான், எப்போது தூங்கினான். நாளைக்கு எவனும் என்மேல் பழி போடக்கூடாது. ராத்திரி நீளம், எழுத எழுத எழுத்து கூடிக்கொண்டே போயிற்று, கடைசிப் பக்கங்களில் இருமல் எத்தனை தடவை என்றுகூட இருக்கும். நம்பிக்கையில்லாதவன் எழுதினது. ஆனால் முந்தாநாள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, எட்டு என்று காட்டிய அத்தனை பேரும் நிஜமாக எந்தப் படியில் வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. கால் அழுகி வந்தவன், பேர் மறந்து வந்தவன், தட்டில் சோறு வைத்தால் எழுந்து சுவரைப் பார்த்து நின்று தின்றவன். இன்றைக்கு அவர்களில் எத்தனை பேர் பேர் சொல்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்து தின்கிறார்கள். கோடு கீழிருந்து மேலே போகும். இந்த நோட்டு இல்லத்தைக் காப்பாற்றும். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு என்னைக் காப்பாற்றாது. அதில் அருணகிரி. செருப்பில்லை. விடியும்வரை அழுதார். நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நல்லதுங்கண்ணா என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவை என்று எண்ணி எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து, நீல மை. எழுதி மூடி வைத்துவிட்டுத்தான் டீ வாங்கப் போனேன். கிழிக்கலாம் என்று முந்தாநாள் விரலை வைத்தேன். நடுத் தையல் நோட்டு, நூற்றுப் பன்னிரண்டைக் கிழித்தால் அதோடு சேர்ந்த எண்பத்தொன்பதும் கழன்று கையில் வரும். எண்பத்தொன்பது யார் என்று பார்த்தேன். நாச்சிமுத்து. பல் செட் ஒன்று, உடைந்தது, பையில் வைத்திருக்கிறார், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறார்.

கதவு திறந்து நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள், போனான், மறுபடி சாத்திக்கொண்டது. சாம்பார் வாசமும் மஞ்சள் வாசமும் சேர்ந்து வருகிறது. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்கிறது, டிக், மூன்று தடவை சொன்னார், டிக். உள்ளே என்ன சொல்கிறான். இவ்வளவு நேரம் என்ன கேட்கிறாள். என்னைப் பற்றிக் கேட்கிறாளோ, கேட்டில் இருக்கிற ஆள் எப்படி என்று. அவன் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லிவிடக்கூடாது. ஓடிவிடலாமா, கேட் சாவி இடுப்பில்தான் இருக்கிறது, பஸ் ஸ்டாண்ட் இருபது நிமிஷம், எனக்குத் தெரியாத பஸ் ஸ்டாண்டா, ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் ராத்திரி ஒரு ஜீப் வந்து ஏற்றி மறுபடி இந்தக் கேட்டுக்கே கொண்டுவரும், கேட்டைத் திறக்க அப்போது நான் உள்ளே இருக்கமாட்டேன். நாச்சிமுத்து வெளியே வந்தான், வாயைப் பொத்திக்கொண்டு. கக்கூஸ் சுத்தமா இருக்குதான்னு கேட்டாங்க, நீங்களே போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டன் என்றான். படி? “பத்து,” என்றான். “சூரியனுக்குப் பக்கத்துல. எனக்குக் குளுரு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமல்லோ.” எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது, கழுத்தைப் பிடிக்கவேண்டும்போலவும் இருந்தது.

உள்ளே போனால் அவள் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினாள். எழுந்து நின்றது எதற்கு, என்னைப் போன்ற ஆளுக்கு எவரும் எழுந்து நிற்பதில்லை. ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடி, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு, மேஜை ஓரத்தில் அந்தப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது, மாத்திரை அட்டை ஒன்று பக்கத்தில். அவளுக்கும் வயிறோ என்னமோ. புது ஏணிப்படம், பளபளப்பு, எட்டாம் படி நல்ல கறுப்பில் இருந்தது, எவன் விரலும் படாத எட்டு. இன்னைக்கு நீங்க எங்க நிக்கிறீங்க என்றாள். ஐந்து என்றேன். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள், நான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன். முதல் நாள் எட்டு சொல்லியிருக்கீங்க, இங்க வந்தப்புறம் உங்களுக்கு என்ன கொறஞ்சுது என்றாள். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. அந்த வெள்ளை வண்டிக்காரன் குரலும் இப்படித்தான் இருந்தது, ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, இவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த எட்டு பொய்யிங்க,” என்றேன். “நானாச் சொன்னது. மத்தவங்க எட்டும் நாஞ் சொல்லிக்குடுத்ததுதான். அத்தனை எட்டும் என்னுதுங்க.”

பிறகு வண்டியைச் சொன்னேன், டீயைச் சொன்னேன், கோர்வையாக வரவில்லை, வேப்ப மரம் நடுவில் எதற்கோ வந்தது. அவள் தட்டச்சு செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இதை இங்க வந்து சொல்லச் சொல்லி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன், அந்த வார்த்தையையே. இல்லம் மூடப்போகிறது, எண்கள் சரியில்லை, கடைசி நாளில் ஒரு வாட்ச்மேன் வந்து எண்களெல்லாம் என்னால் கெட்டது என்கிறான், எவன் நம்புவான். நான் நம்பமாட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு இணையாக ஒரு ஆளைப் பார்க்கிறேன் என்று தோன்றியது. யாரும் சொல்லலீங்க, ஒரு நிமிஷம் இருங்க, வர்றனுங்க என்று எழுந்தேன்.

வெளியே வெயில் கண்ணில் அறைந்தது. தண்ணி டிரம் பக்கத்தில் ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒன்றும் இல்லாமல், நான் அவளைத் தாண்டிப் போனேன். கேட் ரூமுக்குள் மஞ்சள் வாசம் இருட்டாக இருந்தது. நோட்டை எடுத்தேன். தூசி. நூற்றுப் பன்னிரண்டு தானாகத் திறந்துகொண்டது, முந்தாநாள் விரல் வைத்த இடம் மடங்கியிருந்தது. இப்போதும் கிழிக்கலாம். நாச்சிமுத்துவின் பக்கத்தைத் தனியாகச் சொருகி வைக்கலாம், நூல் தளர்ந்துபோச்சு என்று சொல்லலாம், பழைய நோட்டு, நம்புவாள். நம்பமாட்டாள். பக்கத்துக்கு நம்பர் போட்டவன் நான்தானே, எவனும் என்மேல் பழி போடக்கூடாது என்று நம்பர் போட்டேன், அந்த நம்பர்தான் இப்போது என் சட்டையைப் பிடிக்கிறது. அதில்லை. அதற்காக இல்லை. அவன் மூன்று தடவை சொன்னான், அதைக் கேட்டது உலகத்தில் நான் ஒருத்தன், அது எழுதியிருப்பது இந்த ஒரு தாளில். இதையும் கிழித்தால் அவன் எட்டில்தான் இருந்தான் என்று ஆகிவிடும். சந்தோஷமாக இருந்த ஒரு ஆள் சும்மா போய் வாய்க்காலில் இறங்கினான் என்று. மடிப்பை நகத்தால் நீவிவிட்டு நோட்டை மூடினேன்.

திரும்ப வரும்போது ஜெனிட்டா நோட்டைப் பார்த்தாள். அவள் அதை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அது அவள் முகத்தில் எழுதியிருந்தது, அப்படியானால் அவளுக்கு எல்லாம் தெரியாது, தாளை மறந்துதான் வைத்திருக்கிறாள், உண்மையைச் சொன்னாப் போதும் என்றால் உண்மையைச் சொன்னால் போதும் என்றுதான் அர்த்தம், வேறொன்றும் இல்லை. இரண்டு வாரம் தூங்காமல் யோசித்ததெல்லாம் வீண். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டிருக்கணும்மா நீ என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வசுமதி அம்மா நோட்டை வாங்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். எல்லாரையும்போல நடுவில் திறந்து பார்க்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. இரவு பதினொன்று இருபது, போலீஸ் ஜீப், இரண்டு காலிலும் புண், துணி சுற்றியிருக்கிறது, பேர் கேட்டால் சிரிக்கிறார், வாட்ச் இல்லை என்று வாய்க்குள் படித்தாள். இவர் இப்ப எங்க இருக்கார் என்றாள். சமையல்ல இருக்காருங்க, இன்னைக்குச் சாம்பார் அவரு வெச்சதுதான், பேரு வேலப்பன் என்றேன். அவள் லேப்டாப்பில் அந்தப் பேரைத் தேடினாள். எட்டு என்று அதில் இருந்திருக்கும். ரொம்ப நேரம் திரையையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டாம் பக்கம். அவர் எங்கே என்றாள், சொன்னேன். மூன்றாம் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் விரலை நாக்கில் தொட்டுத் திருப்பினாள், எங்கள் சோற்றைத் தொடாதவள். நாலாம் பக்கத்தில் நிமிர்ந்து, நீங்க ராத்திரி வேலைன்னு சொன்னாங்க, போய்ப் படுங்க, நான் படிச்சிட்டு நாளைக்குக் கேட்டுக்கறேன் என்றாள்.

“பரவாலீங்க,” என்றேன், “இருக்கறனுங்க.”

ஃபேன் டிக் என்றது. அவள் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினாள். நான் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டுக்கு இன்னும் நூற்றேழு பக்கம் இருந்தது.